மலையம்மாள் மேல் விழுந்த இருபத்திரண்டாம் சங்கீதம்

மலையம்மாள் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பால்காரர் ஊற்றிய பாலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பாள். மருந்துக் கடையில் கொடுத்த மாத்திரை அட்டையைத் திருப்பி, தேதி தாண்டிவிட்டதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். காரைக்குடியில் கல்லல் பஸ் ஏறினால், போர்டைப் படித்த பிறகும் கண்டக்டரிடம் ஒரு தடவை, உள்ளே இருப்பவரிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டுதான் உட்காருவாள். "ரெண்டு பேரும் பேசி வச்சு ஒரே பொய்யச் சொல்ல மாட்டாகல்ல" என்பது அவள் கட்சி. படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் கைக்கு வந்த காகிதம் வடை மடித்த தாளாக இருந்தாலும் படிக்காமல் கீழே போடமாட்டாள்.

இது பிறவிக் குணம் என்று அவள் தம்பி பெத்தன் கேலி செய்வான். அப்படிச் சொல்லிவிட முடியாது. அவள் சிறு பெண்ணாக இருந்தபோது, கல்லலுக்குப் பக்கத்தில் அவர்கள் நிலத்தையெல்லாம் அரசாங்கம் திரும்ப அளந்தது. அதுவரை நூற்றுப் பதினான்காம் சர்வே நம்பராக இருந்த வயல், நூற்றுப் பதினைந்து ஆகிவிட்டது. அப்பா பழைய பத்திரத்தை வைத்துக்கொண்டும் பெரியப்பா புதுச் சிட்டாவை வைத்துக்கொண்டும் இரண்டு வருடம் முகம் பார்க்காமல் இருந்தார்கள். ஒருவர் வயலை ஒருவர் திருடிவிட்டதாகவே இரண்டு பேரும் நம்பினார்கள். வயல் என்னவோ இருந்த இடத்தில்தான் இருந்தது, நம்பர்தான் நகர்ந்திருந்தது. தாலுகா ஆபீசில் ஒரு நல்ல மனிதர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய அன்று, அப்பாவும் பெரியப்பாவும் வெட்கப்பட்டுக்கொண்டு ஒன்றாக டீ குடித்தார்கள். மலையம்மாள் அன்றிலிருந்து எந்த நம்பரையும் நம்புவதில்லை.

புருஷன் போன பிறகு அவள் பிடித்துக்கொண்ட வேலை, படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்வது. இதுவரை நான்கு வீடு. இந்த வேலைக்குப் போர்டு கிடையாது, சான்றிதழ் கிடையாது. ஒரு வீட்டார் வாயால் சொன்னால்தான் அடுத்த வீட்டுக் கதவு திறக்கும். "மலையம்மா இருந்தா நிம்மதியா இருக்கலாம்" என்ற ஒரு சொல்தான் அவள் சொத்து. அந்தச் சொல்லுக்குத்தான் ஐப்பசி மாதம் ஆபத்து வந்தது. வந்தது ஒரு சங்கீதத்தின் வடிவில்.

நான்காவதாக அவள் பார்த்துக்கொண்டவர் காரைக்குடி செஞ்சையில் இருந்த சந்தியாகு வாத்தியார். எண்பத்தாறு வயது. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். பக்கவாதம் வலப்பக்கத்தையும் பேச்சையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. புத்தி மட்டும் பளிச்சென்று இருந்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பின்பக்கம் இடக்கையால் கோணல் கோணலாக எழுதிக் காட்டுவார். "தண்ணி." "பேன்." "சன்னல்." நாற்பது வருடம் அடுத்தவர் கையெழுத்தைத் திட்டிய மனிதருக்குத் தன் எழுத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். காலையில் எழுந்ததும் அலமாரியைக் காட்டுவார். அங்கே முதுகு பிய்ந்த பழைய புத்தகம் ஒன்று இருந்தது. அதை எடுத்து நெஞ்சில் சாய்த்து வைத்தால் உதடு மட்டும் அசையும். மலையம்மாளுக்கு அது என்ன புத்தகம் என்று தெரியும். அவளுக்கு அழகர், அவருக்கு அது என்று விட்டுவிட்டாள்.

பத்து மாதம் பார்த்தாள். புரட்டாசி பாதியில் ஒரு விடியற்காலையில் அவர் போய்ச் சேர்ந்தார்.

ஒரே மகள் ஜெசிந்தா பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தாள். பொங்கலுக்கு வந்தவள், அதற்கப்புறம் இப்போதுதான் வருகிறாள். அடக்கம் முடிந்து, முப்பதாம் நாள் பூசை வரை இருப்பதாகச் சொல்லி வீட்டை ஒதுக்க ஆரம்பித்தாள். மலையம்மாளையும் அதுவரை இருக்கச் சொன்னாள். பூசை முடிந்ததும் மலையம்மாள் புதுவயலுக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே ஒரு அரிசி மில்காரரின் அம்மாவுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஜெசிந்தாவிடம் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பூசைக்கு நான்கு நாள் இருக்கும்போது, வாத்தியாரின் தலையணை உறையைத் துவைக்கக் கழற்றினாள் ஜெசிந்தா. உள்ளேயிருந்து ஒரு காலண்டர் தாள் விழுந்தது. நான்காக மடித்திருந்தது. பின்பக்கம் அப்பாவின் கோணல் எழுத்து: "சங்கீதம் 22."

அவள் போனில் வேதாகமத்தைத் திறந்து, அதிலுள்ள நூற்றைம்பது சங்கீதப் பாட்டுகளில் இருபத்திரண்டாவதை எடுத்தாள். படிக்கப் படிக்க முகம் மாறிக்கொண்டே போனது. படித்து முடித்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள்.

"அக்கா, அப்பாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு குடுத்தீங்களா?"

மலையம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இது என்ன கேள்வி?"

"படிக்கிறேன், கேளுங்க" என்று ஜெசிந்தா படித்தாள். கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று ஒருவன் கதறுகிறான். பார்க்கிறவர்கள் எல்லாம் அவனைக் கேலி செய்கிறார்கள். அவன் எலும்புகளை எண்ணிவிடலாம், அப்படி இளைத்துவிட்டான். அவன் நாக்கு வறண்டு மேல்வாயோடு ஒட்டிக்கொண்டது. அவன் துணிகளை அவன் கண்முன்னே பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள், ஸ்டேஷனில் புகார் மனுவைப் படிப்பவர்கள் பார்ப்பதுபோல.

"அப்பாவோட ரெண்டு வேட்டியைக் காணோம். உங்க தம்பி கட்டிட்டு வந்ததை அடக்கத்தன்னிக்கு நானே பார்த்தேன்."

"அது அவரே குடுத்தது. எழுதிக் காமிச்சுக் குடுத்தாரு."

"அந்தத் தாள் எங்க?"

இருந்தால்தானே காட்டுவதற்கு. தண்ணி கேட்ட தாளையெல்லாமா பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள்? மலையம்மாளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எலும்பு என்கிறாயே, எண்பத்தாறு வயதில் எலும்பு தெரியாமல் என்ன தெரியும் என்று கேட்க வாயெடுத்தாள். ஆனால் நாக்கு ஒட்டிக்கொண்டது என்ற அந்த ஒரு வரி அவள் வாயை அடைத்துவிட்டது. காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. பெத்தன் மகளுக்குச் சடங்கு. அத்தைக்காரி வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் ஆகாது. வாத்தியாரை வேறு யாரிடமும் விடக்கூடாது என்பது ஜெசிந்தாவின் கண்டிப்பான உத்தரவு. சொன்னால் போகவிடமாட்டாள் என்று சொல்லாமலே போனாள். விடிந்ததும் கஞ்சி கொடுத்து, குழாய் வைத்த தண்ணீர்ப் பாட்டிலை இடக்கைப் பக்கம் வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு போனாள். மதியத்துக்குள் வந்துவிடலாம் என்று நினைத்தாள். சடங்கில் மாமன் சீர் வரத் தாமதம், அப்புறம் பஸ் இல்லை. பொழுது சாயும்போது கதவைத் திறந்தால் பாட்டில் தரையில் கிடந்தது. எப்போது உருண்டு விழுந்ததோ. மருமகள் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தவள், ஒரு வாய்த் தண்ணீருக்காகக் கிடந்த மனிதரைப் பார்த்து நடுங்கிப் போனாள். இதை அவள் தம்பியிடம்கூடச் சொல்லவில்லை.

"நான் சண்டை போட மாட்டேன்" என்றாள் ஜெசிந்தா. "முப்பதாம் நாள் பூசையில இதைத்தான் வாசிக்கச் சொல்லப் போறேன். எதுக்கு வாசிக்கிறோம்னும் சொல்லுவேன். புதுவயல்காரங்க போன் பண்ணா, உள்ளதைச் சொல்லிடுவேன்."

அன்றைக்கு முழுவதும் மலையம்மாள் சந்தேகப்படாத ஆள் இல்லை. முதலில் ஜெசிந்தாவைச் சந்தேகப்பட்டாள். தானே எழுதி வைத்துக்கொண்டு அப்பா எழுதியதாகச் சொல்கிறாளோ? இல்லை, அந்தக் கோணல் எழுத்து அவருடையதுதான். அப்புறம் போனைச் சந்தேகப்பட்டாள். கடைசியாக வாத்தியாரையே சந்தேகப்பட்டாள். காலையில் இடக்கையைத் தூக்கிச் சிரித்த மனிதர், தலையணைக்குள் புகார் எழுதி வைத்துக்கொண்டா சிரித்தார்? அந்த வியாழக்கிழமையை அவர் மறக்கவே இல்லையா? இந்த நினைப்பு வந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கெடப்போகிற பேரைவிட இதுதான் அவளை அதிகமாகக் குத்தியது.

மறுநாள் காலையில் பூசைக்கு என்னென்ன வாசகம் என்று முடிவு செய்ய உபதேசியார் அருளானந்து வந்தார். கோயிலில் செபம் சொல்லிக்கொடுத்து, சாவு வீடுகளில் முன்நின்று எல்லாம் நடத்துகிற மனிதர். ஜெசிந்தா இருபத்திரண்டு என்றதும் புருவத்தை உயர்த்தினார்.

"அது பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டும்மா. ஏசு சிலுவையில கதறுனது அதோட முதல் வரிதான். சிப்பாய்ங்க அவரு துணியைப் பங்கு போட்டாக இல்லையா, அதுவும் அதுலயே இருக்குன்னு ஆதியிலருந்தே அவரைப் பத்தின பாட்டாத்தான் நாம படிக்கிறது."

கதவோரம் நின்ற மலையம்மாள் உள்ளே வந்துவிட்டாள். "அதுக்கு முந்தி யாரைப் பத்துனதாம்?"

"யாரோ ஒரு நோயாளி பாடுனதா இருக்கலாம்னு சொல்வாக. தாவீது ராசா பாடுனதுன்னு தலைப்பு இருக்கு. பின்னால நாட்டை இழந்து போன சனங்க, நம்ம நாட்டோட நெலமை இதுன்னு பாடியிருப்பாக. அவுகவுக பாட்டுக்கு அவுகவுக பொருள்."

"நல்லா இருக்கே நாயம்! ராசா பாட்டுங்கிறீக, நாட்டுப் பாட்டுங்கிறீக, ரெண்டாயிரம் வருசமா ஏசுசாமி பாட்டுன்னு படிச்சிருக்கீக. நேத்துலருந்து மட்டும் மலையம்மா பாட்டு ஆயிருச்சாக்கும்?"

உபதேசியார் ஒன்றும் புரியாமல் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா முழுக்கச் சொன்னாள், வேட்டி உட்பட. தாளை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வைத்திருந்தாள். அதை அவர் கையில் கொடுத்தாள்.

மலையம்மாள் தாளைப் பார்க்கவில்லை. ஜெசிந்தாவின் மடியில் இருந்த போனைப் பார்த்தாள். "நீங்க எந்தப் புத்தகத்துல பார்த்தீக?"

"எல்லாம் ஒரே பைபிள்தான் அக்கா."

"நம்பரும் ஒண்ணுதானா? எங்க வயலுக்கும் ஒரே நம்பர்னுதான் ரெண்டு வருசம் அடிச்சுக்கிட்டாக. அவரு படிச்சது போன் இல்ல. அந்தப் பழைய புத்தகம் எங்க?"

அது கோயிலுக்குக் கொடுக்கக் கட்டி வைத்த அட்டைப் பெட்டியில், அடியில் கிடந்தது. அவளே போய்த் தோண்டி எடுத்து வந்தாள். உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பழுத்த தாள்களை மெதுவாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றவர், அப்படியே நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"எனக்கு இது தோணலையே! இதுல இருபத்திரண்டு வேற. நீங்க படிச்ச கதறல் இதுல இருபத்தொண்ணு. இருபத்திரண்டு வந்து, ஆண்டவர் என் மேய்ப்பர்ங்கிற பாட்டும்மா. போன்ல அது இருபத்துமூணு."

ஜெசிந்தா புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். மலையம்மாள் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். யாரையும் லேசில் விடுகிறவள் இல்லை. "எப்புடி ஒரு நம்பர் நகரும்?"

உபதேசியார் பொறுமையாகச் சொன்னார். பாட்டுகள் முதலில் எபிரேய மொழியில் இருந்தன. அதைக் கிரேக்கத்தில் எழுதியவர்கள் ஒன்பதையும் பத்தையும் சேர்த்து ஒரே பாட்டாக எண்ணினார்கள். அதற்கு நியாயமும் இருந்தது. அந்த இரண்டும் அகர வரிசை பிடித்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடர்ந்து போகின்றன, பத்தாவதற்குத் தலைப்பும் கிடையாது. அங்கிருந்து எல்லா எண்ணும் ஒன்று குறைந்துவிட்டது. லத்தீன்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், நம்முடைய பழைய புத்தகங்கள் லத்தீனைப் பிடித்துக்கொண்டன. பின்னால் வந்தவர்கள் திரும்பவும் எபிரேயக் கணக்குக்கே போய்விட்டார்கள்.

"அப்ப இதுல மொத்தம் ஒண்ணு கம்மியா?"

"இல்ல. கடைசியில வேற ஒண்ணைப் பிரிச்சு, ரெண்டும் நூத்தம்பதுலதான் வந்து நிக்கும்."

"அது இன்னும் மோசம்! மொத்தம் சரியா இருந்தா, நடுவுல நகர்ந்தது எவனுக்குத் தெரியும்?"

அவர் சிரித்துவிட்டார். "இது ஒரு ஆள் ஒரே நாள்ல எழுதுனது இல்லம்மா. பல காலத்துப் பாட்டுக் கட்டுகளைச் சேர்த்து அஞ்சு பாகமா அடுக்குனது. ஒரே பாட்டு ரெண்டு இடத்துலகூட இருக்கு. ரெண்டு கட்டுலயும் இருந்துச்சு, ரெண்டையும் விட மனசில்ல. ஒரு இடத்துல தாவீதோட மன்றாட்டு முடிஞ்சுதுன்னு எழுதியிருக்கும், அதுக்கு அங்குட்டும் தாவீது பாட்டு வரும்."

"முடிஞ்சுதுன்னு எழுதிட்டு மேல சேர்த்தா, எங்க பக்கம் அது கள்ளப் பத்திரம்."

"மறைக்கணும்னா அந்த வரியைக் கிழிச்சுப் போட்டிருப்பாகளே. தெரிஞ்சேதான் விட்டு வச்சிருக்காக."

இதற்குள் ஜெசிந்தா அந்தப் பழைய இருபத்திரண்டாவதை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கியிருந்தாள். தனக்கு ஒரு குறையும் இல்லை என்கிறான் ஒருவன். புல்வெளியில் படுக்க வைக்கிறார்கள், தண்ணீர் ஓரமாகக் கூட்டிப் போகிறார்கள். இருட்டுப் பள்ளத்தாக்கில் நடந்தாலும் பயமில்லை, கூட ஆள் இருக்கிறது. பகைவர்கள் பார்க்க அவனுக்குப் பந்தி வைக்கிறார்கள். அவன் பாத்திரம் நிரம்பி வழிகிறது.

"பகையாளி யாரு இங்க?" என்றாள் மலையம்மாள், பழக்க தோஷத்தில். ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

உபதேசியார் மட்டும் தொண்டையைச் செருமினார். நியாயமான மனிதர். "ஒண்ணு சொல்லிடுறேன். வாத்தியார் சின்ன வயசுல படிச்சது பழசு. ஆனா, கோயில்ல இருபது வருசமா புதுப் புத்தகத்துலயும் வாசகம் வாசிச்சவரு. ரெண்டு நம்பரும் அவருக்குத் தெரியும்."

"இல்ல, அப்பா இதைத்தான் எழுதியிருக்கார்" என்றாள் ஜெசிந்தா. கண்ணைத் துடைத்துக்கொண்டு மலையம்மாளின் கையைப் பிடித்தாள். "மன்னிச்சிருங்க அக்கா. எவ்வளவு பேசிட்டேன். புதுவயலுக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன், உங்களை மாதிரி ஆள் கிடைக்காதுன்னு."

மலையம்மாளுக்கு மூச்சு வந்தது. பேர் பிழைத்தது. நியாயமாக அவள் அத்தோடு எழுந்து உலை வைக்கப் போயிருக்க வேண்டும். ஆனால் காகிதத்தைக் கண்டால் கை சும்மா இருக்காதே. உபதேசியார் கீழே வைத்த கவரை எடுத்தாள். கோணல் எழுத்தைத் தடவினாள். கவரைத் திருப்பினாள்.

முன்பக்கம் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது: ஆவணி ஏழு, வியாழக்கிழமை.

பெத்தன் மகள் சடங்கு நடந்த அதே வியாழக்கிழமை. ஜெசிந்தாவும் அந்தத் தேதியைப் பார்த்திருப்பாள், அவளுக்கு அது வெறும் தேதி. திருப்பி வைத்துவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. வைத்துவிடத்தான் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. ஊரையெல்லாம் பொய் பொய் என்று முகர்ந்து பார்க்கிறவள், தன் பொய்யை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு புதுவயலுக்குப் போவதா?

"ஜெசிந்தாம்மா, கையை விடுங்க. இந்தத் தேதியில நான் இங்க இல்ல."

சொல்லிவிட்டாள். சடங்கு, பூட்டிய கதவு, தவறிய பஸ், தரையில் கிடந்த பாட்டில், ஒன்றையும் விடவில்லை. "காலையில குடிச்சது. பொழுது சாய்ற வரைக்கும் ஒரு சொட்டு இல்ல. நாக்கு ஒட்டிக்கிச்சுன்னு படிச்சீகளே, அது அன்னிக்கு நெசம். எந்த நம்பரை நெனச்சு எழுதுனாரோ, எனக்குத் தெரியாது. போன் போட்டா இதையும் சேர்த்துச் சொல்லிருங்க."

ஜெசிந்தாவின் முகம் மறுபடியும் இறுகியது. கத்தப் போகிறாள் என்றே மலையம்மாள் நினைத்தாள். ஆனால் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"வந்ததும் என்ன செஞ்சீங்க?"

"தூக்கி உக்கார வச்சேன். தண்ணி குடுத்தேன். ரெண்டு டம்ளர் மடக்மடக்குனு குடிச்சாரு, சட்டையெல்லாம் வழிஞ்சுச்சு. தொடச்சுவிட்டேன். கஞ்சி குடுத்தேன். கால்ல விழுந்து அழுதேன். தலையில கை வச்சாரு."

"இதை எப்ப எழுதுனார்? தண்ணிக்கு முன்னாலயா, பின்னாலயா?"

மலையம்மாள் கண்ணை மூடி யோசித்தாள். "பூட்டிட்டுப் போறப்ப பென்சிலும் தாளும் அலமாரியில இருந்துச்சு. அவருக்கு எட்டாது. கஞ்சி குடிச்சப்பறந்தான் கையைக் காமிச்சுக் கேட்டாரு. பென்சிலை எடுத்து, பொழுது முடிஞ்சுதேன்னு அன்னிக்குத் தேதித் தாளையும் கிழிச்சுக் குடுத்துட்டு ஏனம் கழுவப் போயிட்டேன்." கண்ணைத் திறந்தாள். "பின்னாலதான்."

ஜெசிந்தா மடியில் இருந்த புத்தகத்தை மூடினாள். அதற்கப்புறம் அவள் அழுதது வேறு அழுகை. "நான் எட்டு மாசமா வரல அக்கா. வாரத்துக்கு ஒரு போன், அதுல அவர் மூஞ்சியப் பார்த்தேன், அவ்வளவுதான். உங்க மேல தப்பு இருக்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. உங்களுக்காவது ஒரு சங்கீதம் எழுதி வச்சிருக்கார். எனக்கு ஒரு வரிகூட எழுதல."

"எனக்கா?" என்றாள் மலையம்மாள். சந்தேகம் அவளை விட்டுப் போய்விடவில்லை, இப்போதும் அதுதான் அவளுக்குக் கை கொடுத்தது. கவரை மறுபடி திருப்பிப் பார்த்தாள். "எனக்கு எழுதுறதுன்னா தண்ணின்னு எழுதுவாரு, பேன்னு எழுதுவாரு. கையில குடுப்பாரு. அழகரைக் கும்புடுறவளுக்கு என்னத்துக்குச் சங்கீத நம்பரை எழுதி, நாலா மடிச்சு, தலகாணிக்குள்ள வைக்கணும்? நான் உறை மாத்துறப்பல்லாம் என் கண்ணுல படாம எடுத்து எடுத்துல்ல வச்சிருக்காரு? பொண்ணு வந்தா எடுப்பான்னு வச்சிருக்காரு. இது உங்களுக்கு எழுதுனது."

அவள் கவரை ஜெசிந்தாவின் கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"அந்தப் பொழுதெல்லாம் தண்ணியில்லாமக் கெடந்துட்டு, எனக்கு ஒரு குறையும் இல்ல, நீ வருத்தப்படாதன்னு உங்களுக்கு எழுதியிருக்காரு. என்னையும் காட்டிக்குடுக்கல."